புரூக்ஸ் மலைத்தொடர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஆகஸ்ட் மாதத்தில் அலாஸ்காவின் வடபகுதியில் புரூக்ஸ் மலைத்தொடரைக் குறுக்கே கடந்து போய்வந்தேன். அன்றிலிருந்து படங்களைப் பார்க்கிறவர்கள் கேட்பதெல்லாம் ஒரு இருபது கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

அலாஸ்கா மலைன்னா டெனாலி இருக்கிற மலைதானே?

இல்லை. வட அமெரிக்காவின் மிக உயரமான சிகரமான டெனாலி இருப்பது அலாஸ்கா மலைத்தொடரில். அது மாநிலத்தின் தென்பாதியில் இருக்கிறது. புரூக்ஸ் அதற்குப் பல நூறு கிலோமீட்டர் வடக்கே, கிழக்கு மேற்காகப் படுத்திருக்கும் வேறொரு தொடர். மேற்கே சுக்சி கடல் பக்கம் தொடங்கி, அலாஸ்காவின் முழு அகலத்தையும் தாண்டி, கனடாவின் யூகான் பகுதிக்குள் கொஞ்சம் நுழைந்து முடிகிறது. நீளம் சுமார் 1,100 கிலோமீட்டர்.

உண்மையில் இது ஒரே மலைத்தொடர் என்பதைவிடப் பல சிறு தொடர்களின் கூட்டம் என்று சொல்லலாம். மேற்கே டி லாங், பேர்ட் மலைகள், நடுவில் ஷ்வாட்கா, எண்டிகாட், கிழக்கே பிலிப் ஸ்மித், ஃபிராங்க்ளின், ரோமன்சாஃப் மலைகள், கனடா எல்லையில் பிரிட்டிஷ் மலைகள். வரைபடத்தில் இந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு "புரூக்ஸ் எங்கே?" என்று தேடாதீர்கள். எல்லாம் சேர்ந்ததுதான் புரூக்ஸ்.

யார் அந்த புரூக்ஸ்?

ஆல்ஃபிரட் ஹல்ஸ் புரூக்ஸ். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தில் அலாஸ்கா பிரிவின் தலைமைப் புவியியலாளராக 1903 முதல் 1924 வரை இருந்தவர். அவர் இறந்த மறு வருடம், 1925இல், இந்தப் பெயர் வைத்தார்கள். அங்கே ஆயிரக்கணக்கான வருடங்களாக வாழ்கிற மக்கள் தனித்தனிச் சிகரத்துக்கும் பள்ளத்தாக்குக்கும் வைத்த பெயர்கள் பல இன்றும் வழக்கில் உள்ளன. அவற்றில் ஒன்றிரண்டு கீழே வரும்.

எவ்வளவு உயரம்? இமயமலை மாதிரியா?

கிட்டவே வராது. மிக உயரமான சிகரமான இஸ்டோ 2,736 மீட்டர்தான். நம் ஆனைமுடியைவிட நாற்பது மீட்டர் சொச்சம் அதிகம், அவ்வளவே. ஆனால் அடிவாரம் தாழ்வாக இருப்பதாலும், மரம் இல்லாமல் பாறை மொட்டையாக நிற்பதாலும், பார்க்க இரண்டு மடங்கு உயரமாகத் தெரியும்.

எது உயரம் என்பதிலேயே வெகுகாலம் குழப்பம் இருந்தது. 1950களில் வந்த அரசு வரைபடங்களில் ஒன்று சேம்பர்லின் சிகரத்தை உயரம் என்றது, இன்னொன்று இஸ்டோவை. 2014இல் மேட் நோலன் என்ற பனியாற்று ஆய்வாளர் விமானத்திலிருந்து படம் எடுத்து அளந்தார். கிட் டெலோரியே என்ற பனிச்சறுக்கு வீராங்கனை ஜிபிஎஸ் கருவியைச் சுமந்துகொண்டு உச்சிக்கே ஏறிச் சரிபார்த்தார். முடிவு 2016இல் வெளியானது: இஸ்டோ முதலிடம், ஹப்லி இரண்டாமிடம், சேம்பர்லின் மூன்றாமிடம். ஒரு நாட்டின் ஒரு பெரிய மலைத்தொடரில் எது உயரம் என்பது 2014 வரை தீராமல் இருந்தது என்றால், அது எவ்வளவு ஒதுக்குப்புறம் என்று புரிந்துகொள்ளலாம்.

ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்குன்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் சில புத்தகத்துல துணை ஆர்க்டிக்னு போட்டிருக்கு?

இரண்டும் சரி. ஆர்க்டிக் வட்டம் என்பது சூரியனை வைத்துப் போட்ட கோடு, சுமார் 66½ பாகை. தொடரின் பெரும்பகுதி அதற்கு வடக்கே, 68 பாகையை ஒட்டி இருக்கிறது. துணை ஆர்க்டிக் என்பதோ தட்பவெப்பத்தையும் தாவரத்தையும் வைத்துச் சொல்வது. கோடை கொஞ்ச காலமே வந்தாலும் மரம் வளரும் அளவு சூடு கிடைத்தால் அது துணை ஆர்க்டிக். மரம் பிழைக்காத இடத்தில் தூந்திரம் தொடங்குகிறது.

புரூக்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் சுவராக நிற்கிறது. தெற்குப் பள்ளத்தாக்குகளில் ஸ்புரூஸ், பிர்ச் மரங்கள் நிறைந்த தைகா காடு. கணவாயைத் தாண்டி வடக்கே இறங்கினால் ஒரு மரம் கிடையாது. ஏதோ வாசற்படி தாண்டினது போல மாறிவிடும். மலையைக் கடக்கும் ஒரே சாலையான டால்டன் நெடுஞ்சாலை ஓரத்தில் "வடகோடி ஸ்புரூஸ்" என்று பலகை வைத்த ஒரு மரம் இருந்தது. 2004இல் யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கோடரியால் வெட்டிக் காயப்படுத்த, பட்டுப்போய்விட்டது.

அந்தக் கோடும் நிலையாக இல்லை. தொடரின் மேற்குப் பகுதியில் வெள்ளை ஸ்புரூஸ் மரங்கள் மலையைத் தாண்டித் தூந்திரத்துக்குள் முளைத்திருப்பதை 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. பத்து வருடத்துக்கு நான்கு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அவை வடக்கே நகர்கின்றன.

அவ்வளவு வடக்கே இருந்தா முழுக்கப் பனியாறாத்தானே இருக்கும்?

எல்லோரும் கேட்பது இதைத்தான். பனியாறு உருவாகக் குளிர் மட்டும் போதாது, பனி பெய்ய வேண்டும். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அலாஸ்காவின் தென்கரை மலைகளிலேயே தன் சுமையை இறக்கிவைத்துவிடுகிறது. அதனால் குளிர் குறைந்த தெற்கே பெரும் பனியாறுகள் இருக்கின்றன, குளிர் மிகுந்த வடக்கே சின்னச் சின்னதாகத்தான் இருக்கின்றன. புரூக்ஸுக்கு வந்து சேர்வது மிச்சம் மீதி. அதற்கும் வடக்கே கடற்கரைச் சமவெளியில் வருடத்துக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழையும் பனியும் விழுகின்றன. கணக்குப்படி பாலைவனம்.

இருக்கிற பனியாறுகளில் பெரும்பாலானவை கிழக்கே உயரமான ரோமன்சாஃப், ஃபிராங்க்ளின் மலைகளில் உள்ளன. அவற்றில் மெக்கால் பனியாறு பிரபலம். 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டில் தொடங்கி அதை அளந்துவருகிறார்கள். சுருங்கிக்கொண்டே வருகிறது.

மழையே இல்லாத ஊருன்னா ஏன் உங்க படத்துல கால் எல்லாம் சேறு?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் இந்த மலையைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி. அங்கே தரைக்குக் கீழே நிரந்தர உறைநிலம் இருக்கிறது. இரண்டு வருடமோ அதற்கு மேலோ தொடர்ந்து உறைநிலையிலேயே கிடக்கும் மண்ணுக்கும் பாறைக்கும் அந்தப் பெயர். கோடையில் மேலே அரை மீட்டரோ ஒரு மீட்டரோ மட்டும் இளகும். விழுகிற கொஞ்சத் தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. மூடி போட்ட பாத்திரத்தின் மேல் ஊற்றியது போல மேலேயே தேங்கி நிற்கும். குளிர் என்பதால் ஆவியாவதும் குறைவு. பாலைவனம் அளவு மழை, வயல்வெளி அளவு ஈரம்.

அதில் பஞ்சுப்புல் கொத்துக் கொத்தாக, கவிழ்த்துப்போட்ட குடம் போல வளர்ந்திருக்கும். மேலே கால் வைத்தால் ஆடும். இடையில் வைத்தால் தண்ணீர். மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் பெரிய விஷயம். கொசு எங்கிருந்து வருகிறது என்று தனியாகக் கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில்.

உச்சியிலதான் ரொம்பக் குளிருமா?

கோடையில் ஆமாம். குளிர்காலத்தில் பெரும்பாலும் தலைகீழ். காற்றசைவு இல்லாத நீண்ட இரவுகளில் கனமான குளிர்காற்று சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தாக்கில் குளம் கட்டி நிற்கும். மேலே போகப்போகச் சற்றுச் சூடாக இருக்கும். அமெரிக்காவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, கழித்தல் 62.2 டிகிரி செல்சியஸ், 1971 ஜனவரி 23 அன்று பிராஸ்பெக்ட் கிரீக் என்ற இடத்தில் பதிவானது. அது சிகரம் இல்லை. புரூக்ஸுக்குத் தெற்கே ஓர் ஓடைக்கரை.

ஆறு மாசம் பகல், ஆறு மாசம் ராத்திரியாமே?

அது துருவப் புள்ளியில். புரூக்ஸின் நடுப்பகுதியில் மே கடைசி முதல் ஜூலை பாதி தாண்டும் வரை சூரியன் மறையாது. டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம் உதிக்காது. உதிக்காத நாட்களிலும் நடுப்பகலில் சில மணி நேரம் அந்தி வெளிச்சம் இருக்கும். மலை மறைப்பதால் சில பள்ளத்தாக்குகளுக்கு இந்த இருட்டுக் காலம் இன்னும் நீளும்.

ஆறெல்லாம் எந்தப் பக்கம் ஓடுது?

மூன்று பக்கம். வடசரிவில் விழும் நீர் கால்வில், சாகவனிர்க்டாக், கேனிங் போன்ற ஆறுகள் வழியாக ஆர்க்டிக் பெருங்கடலுக்குப் போகிறது. தென்சரிவில் கோயுகுக், சாண்டலர், ஷீன்ஜெக் ஆகியவை கடைசியில் யூகான் ஆற்றில் கலந்து பேரிங் கடலை அடைகின்றன. மேற்கே நோவாடாக், கோபுக் இரண்டும் சுக்சி கடலின் கொட்ஸபூ வளைகுடாவுக்கு.

இவற்றில் எனக்குப் பிடித்தது நோவாடாக். இகிக்பாக் சிகரத்தின் பக்கத்தில் பிறந்து, மலைகளுக்கு நடுவிலேயே 650 கிலோமீட்டருக்கும் மேல் மேற்கு நோக்கி ஓடுகிறது. வழியில் அணை இல்லை, பாலம் இல்லை. ஆறு என்றால் மனிதர் கை படாமல் எப்படி இருக்கும் என்று பார்க்க இன்றைக்கு மிஞ்சியிருக்கும் சில இடங்களில் ஒன்று.

ஜூலை மாசத்துல ஆத்து நடுவுல ஐஸ் கிடக்கே, அது பனியாறு இல்லையா?

இல்லை, அது அடுக்குப்பனி. குளிர்காலத்தில் ஆற்றின் மேல்பரப்பு உறைந்துவிடும். அடியில் ஊற்றுநீர் வந்துகொண்டே இருக்கும். கீழே உறைநிலம், மேலே பனிமூடி. நடுவில் அழுத்தம் ஏறி, விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே பொங்கி, அதுவும் உறையும். இப்படி மாதக்கணக்கில் அடுக்கு மேல் அடுக்காகச் சேர்ந்து சில இடங்களில் பல மீட்டர் கனத்துக்கு வந்துவிடும். வடசரிவில் சில அடுக்குப்பனித் திட்டுகள் கோடை முழுக்கக் கரையாமல் கிடக்கும். கொசுத்தொல்லை தாங்காத கரிபு மான்கள் அதன் மேல் போய் நிற்கும்.

மலை உச்சியில கடல் சிப்பி கிடைக்குதுன்னு சொன்னது கதையா?

கதை இல்லை. தொடரின் பெரும்பகுதியில் லிஸ்பர்ன் என்ற சுண்ணாம்புக்கல் அடுக்கு தலைகாட்டுகிறது. 30 கோடி வருடங்களுக்கும் முன்னால் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் படிந்தது. பவளம், கடல் அல்லி ஆகியவற்றின் புதைபடிவங்கள் அதில் கிடைக்கும். பிறகு ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியிலும் கிரிடேசியஸ் காலத்தின் முற்பகுதியிலும் தீவு வளைவு ஒன்று, அதாவது வில் போல வளைந்த எரிமலைத் தீவு வரிசை, தெற்கிலிருந்து வந்து மோத, பாறை அடுக்குகள் சீட்டுக்கட்டைத் தள்ளியது போல ஒன்றின் மேல் ஒன்றாக வடக்கே ஏறிக்கொண்டன. மலையிலிருந்து அரித்த வண்டல் வடக்கே போய்ப் படிந்தது.

எல்லாம் சுண்ணாம்பும் இல்லை. ஆரிகெட்ச் சிகரங்கள் கிரானைட் வகை. செங்குத்தாக, கூராக நிற்கும். அங்குள்ள பூர்வகுடிகளான இனுபியாக் மக்களின் மொழியில் அந்தப் பெயருக்கு "நீட்டிய கையின் விரல்கள்" என்று பொருள். பார்த்தால் வேறு பெயர் தோன்றாது.

அப்போ இது ராக்கி மலையோட வால் பகுதியா?

வரைபடத்தில் பார்த்து அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. அமெரிக்கப் புத்தகங்கள் பலவும் ராக்கியின் வடகோடி நீட்சி என்றே எழுதுகின்றன. முந்தைய பதிலில் சொன்ன மோதலைப் பாருங்கள்: காலமும் வேறு, மோதிய திசையும் வேறு. ராக்கியின் பெரும்பகுதி எழுந்தது அதற்கு வெகுகாலம் பிறகு. வட அமெரிக்காவின் மேற்குப்புற மலைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குடும்பம் என்று சொன்னால் புரூக்ஸ் அதில் ஒரு உறுப்பினர். ராக்கியின் வால் என்பது என் கணக்கில் சரியில்லை.

அங்க மனுஷங்க இருக்காங்களா?

இருக்கிறார்கள், வெகு குறைவாக. மலைக்கு நடுவே ஒரு கணவாயில் அனக்டுவுக் பாஸ் என்ற கிராமம். சுமார் 400 பேர். நுனாமியுட் என்ற உள்நாட்டு இனுபியாக் மக்கள். கடலோர உறவினர்கள் திமிங்கிலத்தை நம்பி வாழ, இவர்கள் கரிபு மானைத் தொடர்ந்து அலைந்தவர்கள். 1940களின் கடைசியில்தான் இங்கே நிலையாகத் தங்கத் தொடங்கினார்கள். ஊர்ப்பெயரின் பொருள் "கரிபு சாணம் நிறைந்த இடம்". சிரிக்காதீர்கள். மான் எந்த வழியாகப் போகும் என்பதைவிட முக்கியமான செய்தி அவர்களுக்கு வேறென்ன? கிராமத்துக்குச் சாலை கிடையாது, சிறு விமானம்தான்.

கிழக்கே தென்சரிவில் ஆர்க்டிக் வில்லேஜ். அங்கே குவிச்சின் மக்கள். இவர்கள் நம்பியிருப்பது போர்குபைன் கரிபு மந்தை. 2017 கணக்கெடுப்பில் அதில் சுமார் 2,18,000 மான்கள் இருந்தன. ஒவ்வொரு வசந்தத்திலும் மலையைத் தாண்டி வடக்குச் சமவெளிக்குப் போய்க் குட்டி போடும். அந்தச் சமவெளியில் எண்ணெய் எடுக்கலாமா கூடாதா என்ற சண்டைதான் பல பத்தாண்டுகளாக நடப்பது. மேற்குப் பக்கத்து மந்தை 2003இல் 4,90,000 வரை போனது. 2023இல் 1,52,000.

கார்ல போக முடியுமா?

ஒரே ஒரு சாலை. டால்டன் நெடுஞ்சாலை, 666 கிலோமீட்டர், பெரும்பகுதி சரளைக்கல். எண்ணெய்க் குழாய் போடுவதற்காக 1974இல் அவசரமாக அமைத்தது. அங்குள்ளவர்கள் இன்னமும் "ஹால் ரோடு" என்றே சொல்கிறார்கள், அதாவது சரக்கு ஏற்றிப்போகும் சாலை. 1994 முதல் பொதுமக்கள் கடைசி ஊரான டெட்ஹார்ஸ் வரை போகலாம். அட்டிகன் கணவாயில் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் மலையைக் கடக்கிறது. கோல்ட்ஃபுட்டில் பெட்ரோல் போட்டால் அடுத்த பங்க் சுமார் 385 கிலோமீட்டர் தள்ளி. வாடகைக் கார்காரர்கள் பலர் இந்தச் சாலைக்கு வண்டி தரமாட்டார்கள். ஒப்பந்தத்தை நன்றாகப் படியுங்கள்.

கூடவே ஓடும் குழாயைக் கவனித்தால் பாதிக்கும் மேல் தூரம் தரைக்கு மேலே கம்பங்களில் நிற்பது தெரியும். உள்ளே சூடான எண்ணெய். புதைத்தால் உறைநிலம் இளகி, குழாயே அமிழ்ந்துவிடும். கம்பங்களுக்குள் அம்மோனியா அடைத்த குழல்கள் வேறு, தரையின் சூட்டை உறிஞ்சி வெளியே விடுவதற்கு. சாலைக்கும் இதே தலைவலி. மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பனியுமாக உறைந்த குவியல்கள் மெல்ல மெல்ல நகர்ந்து வருகின்றன. ஒன்று மிக நெருங்கிவிட்டதால் 2018இல் அங்கே சாலையையே தள்ளி அமைத்தார்கள்.

"ஆர்க்டிக்கின் வாயில்"னு ஒரு பூங்கா இருக்காமே, வாசல் எங்கே? டிக்கெட் எவ்வளவு?

கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் தேசியப் பூங்கா. டிக்கெட் இல்லை, வாசல் கதவும் இல்லை, உள்ளே சாலையோ வெட்டிய பாதையோ கூட இல்லை. சிறு விமானத்தில் ஏதாவது ஏரியிலோ ஆற்றங்கரைச் சரளையிலோ இறங்குவார்கள், இல்லாவிட்டால் டால்டன் சாலையிலிருந்து நடந்து ஆற்றைக் கடந்து நுழைய வேண்டும். சுமார் 34,000 சதுர கிலோமீட்டர். 1980இல் தேசியப் பூங்காவானது.

பெயர் வைத்தவர் பாப் மார்ஷல் என்ற வனவியலாளர். 1929 முதல் வைஸ்மன் என்ற தங்கச் சுரங்கக் குடியிருப்பைத் தளமாக வைத்து இந்தப் பகுதியைச் சுற்றினார். கோயுகுக்கின் வடகிளை ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே நிற்கும் ஃபிரிஜிட் கிராக்ஸ், போரியல் என்ற இரண்டு மலைகளைப் பார்த்துத்தான் "வாயில்கள்" என்றார். ஆக வாசல் உண்டு, அது இரண்டு மலை. 1939இல், 38 வயதில், அவர் இறந்துபோனார்.

ஆர்க்டிக்ல மணல் பாலைவனம்னு ஒரு படம் சுத்துதே, போலிதானே?

உண்மைப் படம்தான். பேர்ட் மலைகளுக்குத் தெற்கே, கோபுக் ஆற்றுப் பக்கம், சுமார் 65 சதுர கிலோமீட்டர் மணல்மேடு இருக்கிறது. பனியுகத்தில் பனியாறுகள் பாறையை அரைத்துத் தள்ளிய மணலைக் காற்று அங்கே கொண்டுவந்து குவித்தது. சுற்றிலும் ஸ்புரூஸ் காடு. இன்றைக்குப் பனியாறு குறைவு என்றேனே, பனியுகத்தில் நிலைமை வேறு. பள்ளத்தாக்குகள் அகன்று கிடப்பதற்கும் அவைதான் காரணம்.

ஆறு ஆரஞ்சு நிறமா ஓடுதாமே, சுரங்கக் கழிவா?

சுரங்கமே இல்லாத இடங்களில் நடக்கிறது, அதுதான் விசித்திரம். 2018இலிருந்து கவனிக்கத் தொடங்கினார்கள். 2024இல் வெளியான ஆய்வில் குறைந்தது 75 ஓடைகளும் ஆறுகளும் துருநிறமாகியிருந்தன. விமானத்திலிருந்து பார்த்தால் பச்சைத் தூந்திரத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய மாதிரி இருக்கும்.

சேறு பற்றிய பதிலில் சொன்ன உறைநிலத்துக்கு இங்கே மறுபடி வர வேண்டும். இந்தப் பாறைகளில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள் நிறைய. உறைந்து மூடியிருந்தவரை தண்ணீரும் காற்றும் அவற்றைத் தொடவில்லை. இப்போது நிலம் இளக, அவை தண்ணீரோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து அமிலமாகின்றன. அமிலம் இரும்பு, துத்தநாகம், தாமிரம், காட்மியம் எல்லாவற்றையும் கரைத்து ஆற்றில் விடுகிறது. இரும்பு துருவாகப் படிவது கண்ணுக்குத் தெரியும். மற்ற உலோகங்கள் தெரியாது, மீனுக்குத் தொல்லை அவற்றால்தான்.

அப்போ அங்க சுரங்கமே கிடையாதா?

மேற்கே டி லாங் மலைகளில் ரெட் டாக் சுரங்கம் 1989 முதல் இயங்குகிறது. உலகின் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்று. நிலம் நானா என்ற இனுபியாக் மக்களின் நிறுவனத்துக்குச் சொந்தம். அந்தத் தாது கண்ணில் பட்டதே ஓர் ஓடையின் துருக்கறையால்தான். அதாவது ஓடை சிவப்பது அங்கே பழைய விஷயம், புதுசு என்னவென்றால் எண்ணிக்கையும் வேகமும்.

அடுத்த சண்டை ஆம்ப்லர் சாலை. டால்டனிலிருந்து மேற்கே, தென்சரிவு ஓரமாகத் தாமிரப் படிவுகளை நோக்கி 340 கிலோமீட்டர் தூரத்துக்குத் திட்டம். 2020இல் அனுமதி, 2024இல் மறுப்பு, 2025இல் மறுபடி அனுமதி. சுமார் 1,100 கிலோமீட்டர் மலைக்குக் குறுக்கே இன்றுவரை ஒரே ஒரு பொதுச் சாலை என்று மேலே எழுதியிருக்கிறேன். இந்தச் சாலை வந்தால் அது மலையைக் கடக்காது, ஓரமாகவே போகும் என்பதால் அந்த வரியைத் திருத்த வேண்டியிருக்காது. கார் பற்றிய பதிலில் மட்டும் ஒரு பத்தி சேர்க்க வேண்டிவரும்.